மறு கால்

வீட்டில் எதுவும் சும்மா கிடந்தால் எனக்குப் பொறுக்காது, ஐயா. ஓடாத மின்விசிறியாக இருந்தாலும் கழற்றிப் பார்த்து ஓட வைத்துவிடுவேன்.

என் வேலை தசைநாண் ஆராய்ச்சி. தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கிற நாண் அறுந்துபோனால் எப்படிச் சீக்கிரம் ஆற வைப்பது என்பதிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. என் மச்சினன் பஸ்ஸைப் பிடிக்க ஓடி இடது குதிகால் நாணை அறுத்துக்கொண்டபோது, நான் கண்டுபிடித்த ஊசியை அவனுக்குத்தான் முதலில் போட்டேன். வெகு அழகாக ஆறியது. கட்டுரை எழுதி அனுப்பினேன். ஊசி போடாவிட்டாலும் ஆறியிருக்குமே, ஒப்பிட என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள்.

நியாயமான கேள்வி. ஒருவன் காலை இன்னொருவன் காலோடு ஒப்பிட்டால் வயது இடிக்கும், எடை இடிக்கும். ஒரு காலுக்குச் சரியான ஜோடி அதே ஆளின் மறு கால்தான். அது என் வீட்டு சோபாவில், டிவிக்கு முன்னால், நீட்டிக் கிடந்தது.

நான் அவசரப்படவில்லை. ஓடுவதற்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டே தூங்கினான். கயிறு தாண்டச் சொன்னேன். கயிற்றில் துணி காயப்போட்டான். கடைசியில் பிஸ்கட் டப்பாவை மேல்தட்டில் ஏற்றி வைத்தேன். இடது காலை இன்னும் நம்பாதவன், வலது காலை ஊன்றி எக்கினான். குதிகாலுக்கு மேலே நாண் வில்லில் பூட்டியதுபோல விறைத்து நின்றது. அப்படியொரு நாணை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

பட்டென்று சத்தம் கேட்டது.

"மாமா, பின்னாலேருந்து யாரோ உதைச்ச மாதிரி இருந்துச்சு," என்றான், தரையில் கிடந்தபடி.

நாண் அறுந்தவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்தபோது நான் இருந்தேன். உதைத்தது நான்தான், ஐயா.

முறைப்படி சம்மதம் கேட்டேன். "என்னமோ பண்ணித் தொலைங்க மாமா, உயிர் போகுது," என்றான். அந்தக் காலுக்கு வெறும் உப்புத்தண்ணீரை ஊசியில் ஏற்றினேன்.

அதுவும் அதே வேகத்தில் ஆறியது. சொல்லப்போனால், கொஞ்சம் முன்னதாகவே.

வேறொருவனாக இருந்தால் மனம் தளர்ந்திருப்பான். எனக்கு, இரண்டு கால் போதாது என்றுதான் தோன்றியது. அவனுடைய அக்காவுக்கும், அதாவது என் மனைவிக்கும், அதே குடும்பத்து நாண்தானே. ஒளிவுமறைவு எனக்குப் பிடிக்காது. பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் நேராகவே கேட்டேன்: "உன் தம்பி காலோட உன் காலையும் ஒப்பிட்டுப் பாக்கலாமா?"

"இப்ப எதுக்குங்க அது?" என்றாள், மேல்தட்டில் கிண்ணத்தை வைக்க எக்கியபடி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் உங்கள் போலீஸ்காரர்களிடம் என்னென்ன வாக்குமூலம் கொடுத்தாளோ, எனக்குத் தெரியாது. என்னிடம் அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை.