அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்

பொம்மைக் கடையில் வேலை பார்ப்பவனுக்குக் குழந்தைகள் என்றால் உயிர் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், மேடம். மீன் விற்பவனுக்கு மீன் மேல் பாசம் இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். பாப்பா உள்ளே படம் வரைந்துகொண்டிருக்கிறாள். வரைய உட்கார்ந்துவிட்டால் கூப்பிட்டாலும் காதில் விழாது, தாராளமாகப் பேசலாம்.

பாப்பாவின் அம்மா நாளை விமானம் ஏறுகிறாள். இனி எப்போது வருவாளோ. அதற்கு முன் ஒருமுறை மகளைப் பார்க்கக் கேட்கிறாள், மகள் மாட்டேன் என்கிறாள். ஏன் என்று விசாரித்து எழுதக் குழந்தைகள் நல அலுவலகம் உங்களை அனுப்பியிருக்கிறது. "குழந்தைக்கு யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா சார்?" என்று கேட்டீர்கள். நீதிமன்றத்திலும் இதைத்தான் கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மை. சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. வேறு விதத்தில் முட்டாள், அதைச் சொல்கிறேன்.

கடையில் எனக்கு மேல்தளத்தில் வேலை. அங்கே ஒரு ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். பாலம், குகை, விளக்கெரியும் சின்ன நிலையம் எல்லாம் உண்டு. பார்ப்பதற்கு மட்டும்தான், தொடக்கூடாது. எனக்கு முன்னால் அங்கே நின்றவர் தொண்டை கிழியக் கத்துவார். "டேய், கைய எடு. ஒடைச்சே, தொலைச்சுடுவேன்." குழந்தை கையை எடுக்கும். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி வைக்கும். எனக்கு அந்தக் குரல் கிடையாது. கத்தினால் கீச்சென்று போய்விடும், குழந்தைகள் சிரிக்கும். ஆகவே குனிந்து, காதோடு, "அதைத் தொட்டா மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கும்" என்பேன். சொல்லிவிட்டு நானே தள்ளிப் போய்விடுவேன்.

குழந்தை தொடாது. வேடிக்கை என்னவென்றால், படியிறங்கும்போது அம்மாவிடம் சொல்லும்: "அது அப்படி ஒண்ணும் நல்லாயில்லம்மா." அடிக்குப் பயந்து கையை எடுத்திருந்தால் பழியை அடியின் மேல் போட்டிருக்கும். என்னைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? அவ்வளவு ஆசைப்பட்டதை ஏன் விட்டோம் என்று அதற்கே ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. வேறெதுவும் அகப்படாததால், பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறது.

இன்னொரு வகையும் உண்டு. நான் குனிவதற்குள் கை வைத்துவிடுகிற வகை. ஒரு பையன் பாலத்தைப் பிடித்து இழுத்து இரண்டாக்கிவிட்டான். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: "இது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்துச்சு மாமா." பொய் சொல்கிற முகமே இல்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே நம்பிவிட்டான். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

முதலாளி சிரிக்கவில்லை. ரயில் பெட்டிகள் விற்காமல் கிடங்கில் தூசி படிந்து கிடந்தன. "ஏம்ப்பா, பொம்மையக் காவல் காக்கச் சொன்னா, வாங்க வர்ற புள்ளைங்க மனசையே மாத்தி அனுப்புறியே. அந்தக் கத்துற மனுஷன் இருந்தப்போ ஒவ்வொண்ணும் தரையில புரண்டு அழுது வாங்கிட்டுப் போச்சு" என்றார். என்னைக் கீழே பலூன், ரிப்பன் பக்கம் தள்ளிவிட்டார். சத்தமே போடாமல் ஒரு கடைக்கு நஷ்டம் வரவழைக்கத் தெரிந்தவன் நான். திறமை என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

பாப்பாவின் அம்மாவுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. என்னையும் கூப்பிட்டாள். ரிப்பன்களை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்? பிறகு பிரிந்தோம். அந்த வருஷப் பள்ளி முடிகிற வரை பாப்பா என்னோடு இருக்கட்டும், அப்புறம் அவள் எங்கே ஆசைப்படுகிறாளோ அங்கே என்று பேச்சு. எங்கே ஆசைப்படுவாள் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் போன் அடித்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடுவாள். அந்தப் பக்கம் அம்மா பாடுவாள், இந்தப் பக்கம் இவள் சேர்ந்துகொள்வாள். இருவரும் ஒரே வரியில் தப்புச் செய்து, ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவுவதாக நடிப்பேன். கழுவிய தட்டையே திரும்பக் கழுவியிருக்கிறேன்.

ஒருநாள் பாப்பாவின் அருகில் போய்க் குனிந்தேன்.

"நீ அம்மாகிட்ட பேசு கண்ணு. அப்பா தடுக்கவே மாட்டேன். ரொம்ப நேரம் பேசினா மட்டும் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கும்."

"கொஞ்சமா, நெறையவாப்பா?"

"கொஞ்சம்தான்டா."

அந்தக் 'கொஞ்சம்'தான் முக்கியம், மேடம். நிறைய என்று சொல்லியிருந்தால், அப்பாவுக்காக விட்டுக்கொடுக்கிறோம் என்று நினைத்திருப்பாள். பெரியவளான பிறகு என் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். அந்த வழியை அடைத்துவிட்டேன்.

அன்று பாட்டு பாதியில் நின்றது. அப்புறம் வீட்டுப்பாடம் நிறைய இருக்கிறது என்றாள். அப்புறம் போன் அடிக்கிற நேரமாகப் பார்த்துக் குளிக்கப் போனாள். ஒருநாள் சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள்: "அம்மா பாட்டு அப்படி ஒண்ணும் நல்லாயில்லப்பா. சுதியே சேரல."

மேல்தளத்தில் நின்றவனுக்கு அந்த வாக்கியம் தெரியாதா? "அப்படியெல்லாம் சொல்லக்கூடாது, அம்மா பாவம்" என்று கண்டித்தேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் என்ன தங்கமான மனுஷன் என்றிருப்பார்கள். யாரும் இல்லாததால் நானே சொல்லிக்கொண்டேன்.

பள்ளி முடிந்ததும் பாப்பா அம்மாவிடம் போக மாட்டேன் என்றாள், வழக்காயிற்று. நீதிமன்றத்தில் பாப்பாவின் அம்மா கத்தினாள். "என் புள்ளைய இந்த ஆளு என்னமோ பண்ணிட்டாரு. என் குரலக் கேட்டா தூக்கத்துலகூட சிரிச்ச புள்ளைங்க அது." கத்துகிறவர்களை யாருக்கும் பிடிப்பதில்லை. நான் தலையைக் குனிந்து நின்றேன். குனிவதில் எனக்குப் பழக்கம் உண்டு. பாப்பாவைத் தனியே அழைத்துக் கேட்டார்கள். யாரும் சொல்லித் தரல, எனக்கே பிடிக்கல என்றாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேலை முழுவதையும் அவளே செய்துகொண்டாள், கூலி மட்டும் எனக்கு வந்தது.

நான் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்குள் போய்ப் பார்ப்பாள் என்று நினைக்கிறீர்கள். சொல்லிப் பார்த்தேன், காலையில்.

"ஒரு தடவை அம்மாவைப் போய்ப் பார்த்துட்டு வாடா."

"எதுக்குப்பா?"

"உனக்கு அம்மா பாட்டுன்னா உயிராச்சே."

"எனக்கா?" என்று சிரித்தாள். வேறு யார் வீட்டுக் குழந்தையைப் பற்றியோ நான் சொல்வதுபோல.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குழந்தைக்குத் தன் அம்மாவைப் பிடிக்காமல் போகும்படி செய்தவன் நான். கை நீட்டாமல், குரல் உயர்த்தாமல், என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். நீங்களும் என்னைத் திட்டவில்லை. "கேக்கவே கொஞ்சம் கஷ்டமா இருக்கு சார்" என்கிறீர்கள். அதுவும் மெதுவாக. இந்தத் தொழிலில் நீங்களும் சளைத்தவர் இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கடைசியில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் வருவதற்கு முன் யோசித்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள் என்றேன் அல்லவா, அது அப்படி இல்லை. அம்மா முதலில் சிரிப்பாள். பாப்பா கொஞ்சம் பிந்தித்தான் சிரிப்பாள். அடுப்படியில் நின்று நானே கவனித்திருக்கிறேன்.

அது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது, மேடம்.