சன்னலில் இரண்டு தொட்டி

பீன்ஸ் விதை முளைப்பதைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். களைக்கொல்லி விற்கிற கடைக்காரன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள் ஐயா, பரவாயில்லை.

தங்கையின் கணவர் இறந்தபோது அவளுக்கு மிஞ்சியது ஒரு துண்டு நிலம்தான். கடைசிப் பருவத்தில் அவர் களைக்கொல்லியை அளவில்லாமல் அடித்திருந்தார். அந்த மருந்து மண்ணிலேயே தங்கிக் காய்கறிச் செடியைக் கெடுக்கும். மண் தெளியும்வரை என் வீட்டுப் பின்னறையில் இரு, பிறகு காய்கறி போட்டுப் பிழைத்துக்கொள் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மண் தெளிந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு தொட்டியில் அந்த நிலத்து மண், பக்கத்துத் தொட்டியில் நல்ல மண். இரண்டிலும் பீன்ஸ் ஊன்ற வேண்டும். மருந்து மிச்சமிருந்தால் முதல் தொட்டியில் இலை குவியும், தண்டு முறுக்கிக்கொள்ளும். அவள் அறைச் சன்னலில் நானே வைத்துக் கொடுத்தேன். முதல் முறை நிஜமாகவே சுருண்டது. "உன்னை மாதிரியே மூஞ்சியைத் திருப்பிக்குதுண்ணா" என்றாள். சேர்ந்து சிரித்தோம்.

அடுத்த பருவத்தில் இரண்டு தொட்டியிலும் செடி ஒன்றுபோல் தளதளவென்று முளைத்தது. அவள் இன்னும் பார்க்கவில்லை. சமையலறையில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் இங்கே குடிவருவதற்கு முன், நான் சாப்பிட்டேனா என்று கேட்க இந்த வீட்டில் நாதியிருந்ததில்லை. தண்ணீரில் ஒரு மூடி மருந்து கலந்து முதல் தொட்டிக்கு ஊற்றினேன்.

பிறகு ஒவ்வொரு பருவமும் அப்படித்தான். நிலத்தை நான் தொடவே இல்லை. வெளியே வேலைக்குப் போகிறேன் என்று ஒருமுறை கேட்டாள். மண் எப்போது வேண்டுமானாலும் தெளியலாம், அப்போது நீ எங்கேயாவது மாட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வாய் என்றேன். சரியென்று உள்ளே போய்விட்டாள். அந்தச் சன்னலருகிலேயே அவளுக்குத் தலை நரைத்தது.

போன பருவத்தில் எனக்குத் தெரியாமல் பக்கத்துத் தெருத் தையற்காரி வீட்டில் ஒரு தொட்டி வைத்திருக்கிறாள். அதே நிலத்து மண். அதை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். இலைகள் உள்ளங்கை அகலம் இருந்தன. என்மேல் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை.

"இந்த அறையிலதான் எதுவும் வளர மாட்டேங்குது. நான் கிளம்புறேண்ணா."

உழுவதற்கு நானே ஆள் பிடித்துத் தருகிறேன், ஒரு வாரம் பொறு என்றேன். அந்த வாரத்தில், கடையிலேயே அதிக காலம் மண்ணில் நிற்கும் மருந்தாகப் பார்த்து எடுத்துப்போய், காதும் காதும் வைத்தாற்போல் நிலம் முழுக்க அடித்தேன். காற்று பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பியது என் துரதிர்ஷ்டம். அங்கே செடி சுருண்டு அவர்கள் புகார் கொடுத்திராவிட்டால், வேளாண் அதிகாரி நீங்கள் வந்து இந்த மண்ணைச் சோதித்திருக்க மாட்டீர்கள். ஆமாம், அவள் கணவர் அடித்தது வேறு மருந்து. உங்களுக்குக் கிடைத்தது என்னுடையது.

அவள் போட்டதெல்லாம் முறுக்கிக்கொண்டு செத்தது. பையும் கையுமாக வாசலில் வந்து நின்றாள்.

"நீ சொன்னதுதாண்ணா உண்மை" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருஷமும் நான் சொல்லிவந்தது பொய், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் என்னை நம்பியிருந்தாள். நிலம் கெட்டிருக்கிறது என்று நான் சொன்னால் அது கெட்டுத்தானே இருக்க வேண்டும்? கூடப் பிறந்தவளிடம் பொய் சொல்கிற ஆள் நான் இல்லை ஐயா.