ஓசோன் அட்டைகள்

— ஆறு மணி பஸ்ஸு போயிடும், மங்கை. இன்னும் அட்டையவே பாத்துக்கினு இருக்கற.

— அடுத்ததுல போறேன்பா.

— நேத்தும் இதான் சொன்ன. போன தபா ஒரு பையோட வந்த. இந்தத் தபா எதுக்கு இம்மாம் பெரிய டிரங்குப் பெட்டி?

— அழுக்குத் துணி… கொஞ்சம் சும்மா இரேன்பா. எண்ணிக்கினு இருக்கறேன்.

— ரெண்டு நாளா எண்ணற. எது காணோம்?

— எதுவும் காணாமப் போவல. கணக்கு தப்பா வருது. எங்கன்னுதான் தெரியல.

— அந்தக் கம்ப்யூட்டரு தப்பு பண்ணியிருக்கும். பீரோ மாரி நிக்கிறத எவன் நம்பறது?

— நாம அட்டையில ஓட்டை குத்தறதத்தான் அது படிக்கும். நீ பொடவைக் கரைக்குக் குத்தற அட்டைய தறி படிக்கல?

— தறியில பூ விழறத கண்ணால பாக்கறேன். உன் ஓசோன எவன் பாத்தான்?

— மோட்டார்ல பொறி பறந்தா ஒரு நெடி வருமே… அதாம்பா.

— அதுக்கு மூக்கு போதுமே. காலேஜு எதுக்கு?

— எவ்ளோ வரும்னு மூக்கு சொல்லுமா? பொறி ஆக்சிஜன உடைக்குது. ஒடஞ்ச துண்டு வேற ஆக்சிஜனோட ஒட்டிக்கினா ஓசோன். இன்னொரு துண்டு வந்து இடிச்சா அந்த ஓசோனும் கலஞ்சிடும்.

— நெய்யறதும் அவனே, பிரிக்கறதும் அவனேவா. வெளங்கும்.

— சேர்றதுக்கு ஒரு அட்டை, கலையறதுக்கு ஒரு அட்டை. கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தா ஓசோன் ஒரு எடத்துல ஏறாம நிக்கணும். எனக்கு நிக்கவே இல்ல. சீசாவுல விட்ட ஆக்சிஜன விட ஓசோன் ஜாஸ்தியா வருது. சாரு எல்லார் எதிர்லயும் சிரிச்சாரு.

— சிரிச்சா சிரிக்கட்டும்.

— ரெண்டு வருஷ வேலைப்பா. இது தப்புன்னா எனக்கு அங்க எடம் இல்ல.

— …இது எந்தக் கட்டு?

— பங்குனி உத்திரத்துக்கு எடுத்துக்கினு வந்தேனே, அப்போ புதுசா குத்தினது. ஏன்?

— சும்மாதான்.

— நீ சும்மா கேக்கற ஆளா? அப்பா… என்னப்பா?

— நாப்பத்தோராவது அட்டைய எடு.

— நம்பரு வரைக்கும் உனக்கு எப்படித் தெரியும்?

— எடு. ஜன்னலாண்ட புடி.

— மேல அச்சடிச்ச எழுத்தெல்லாம் சரியாத்தான… ஐயோ. இங்க ஒட்டு போட்டிருக்குது. புளியங்கொட்டைப் பசை.

— நாப்பதும் நாப்பத்தொண்ணும் ஒரே மாரி இருந்துது. இதுல மட்டும் மேல ஒரு ஓட்டை அதிகம். கரையில அப்படி விட்டா பூ கோணிக்கும். அட்டை குத்தற இந்தப் பஞ்சாட்சரத்தோட பொண்ணு தப்பா குத்திட்டானு எவனும் பேசக் கூடாது பாரு… நீ உற்சவம் பாக்கப் போனப்போ அடைச்சிட்டேன்.

— அது கழிக்கச் சொல்ற ஓட்டைப்பா. அத அடைச்சதால கலையற ஓசோனையும் கூட்டிக்கினே போயிருக்குது. நான் ரெண்டு நாளா எழுத்தையே படிச்சிக்கினு இருந்தேன்… ஓட்டைய பாக்கவே இல்ல.

— அப்போ உன் கணக்கு?

— சரியாத்தான் இருந்திருக்குது.

— அப்புறம் என்ன, எழுந்திரு. நானும் வரேன். உங்க சாருகிட்ட நான்தான் அடைச்சேன்னு சொல்றேன். பெட்டிய குடு… என்னா கனம். துணியா இது?

— பொஸ்தகம். ஹாஸ்டல காலி பண்ணிட்டேன்பா. சனிக்கிழமையே… என் கணக்கு தப்புனு எழுதி, கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுத்தான் வந்தேன்.