இடது பக்க ஸ்பீக்கர்

— இதுலயும் அதே கதைதான் அண்ணே. இடது பக்கம் செத்துக் கிடக்கு.

— சார், காலையிலேர்ந்து இது நாலாவது ஜோடி. நாலுமே எப்படி சார் இடது பக்கமா பாத்துச் சாகும்?

— அதெல்லாம் எனக்குத் தெரியாது. பாடுற அம்மா நடுவுல நின்னு பாடுற மாதிரி கேக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. அவங்க வலது பக்கச் செவுத்தோட ஒட்டிக்கிட்டுல்ல பாடுறாங்க?

— ஏங்க, எனக்கு நடுவுலதாங்க கேக்குது.

— ரேடியோவுல செய்தி கேட்டாலே போதும்னு சொல்ற ஆளு நீ. பேசாம இரு.

— இருக்கேன். கல்யாணம் ஆனதிலேர்ந்து அதத்தானே பண்றேன்.

— பாருங்கம்மா, எந்த ரூமுக்கு வாங்குறீங்க?

— ஹாலுக்குத்தாங்க. பதினெட்டுக்குப் பன்னிரண்டு, கீழ டைல்ஸ். இவர் ரிட்டயர் ஆகி மூணு மாசம் ஆச்சு. கால நீட்டி உக்காந்து பாட்டு கேக்கணும்னு இருபது வருஷ ஆசை.

— பாருங்க, டைல்ஸ்னா எதிரொலிக்கும், ஒரு கம்பளம் விரிச்சிடுங்க. சார், இருங்க, ரெண்டு பெட்டியையும் இடம் மாத்தி வைக்கிறேன்... இப்ப கேளுங்க.

— இப்பவும் இடதுதான் மந்தம்.

— அப்ப பெட்டி மேல பழி இல்ல. ஒண்ணு பண்ணுங்க சார். நாற்காலியத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காருங்க.

— முதுகு காட்டியா? என்ன விளையாட்டு அண்ணே இது?

— ரெண்டே நிமிஷம். உக்காந்தாச்சா? பாட்டப் போடுறேன்... எந்தப் பக்கம் கம்மி?

— இடதுதான்னு எத்தனை தடவை சொல்றது!

— பாருங்க சார், இப்ப உங்க இடது கைப் பக்கம் இருக்கிறது, திரும்பி உக்கார்றதுக்கு முன்னாடி நல்லா கேக்குதுன்னு சொன்னீங்களே, அதே பெட்டிதான்.

— அதெப்படி?

— கோவிச்சுக்காதீங்க. வலது காத விரலால நல்லா அடைச்சுக்குங்க.

— அடைச்சாச்சு. கிணத்துக்குள்ள பாடுற மாதிரி இருக்கு. ஏன் சத்தத்தக் குறைச்சிட்டீங்க?

— ஏங்க, அவர் குறைக்கல! கூட்டியிருக்காரு! ஐயோ, விரல எடுங்க முதல்ல!

— சார் என்ன வேலையில இருந்தீங்க?

— பிரஸ் ஷாப். இரும்புத் தகட்ட அடிச்சு வளைக்கிற மெஷின். இருபத்தாறு வருஷம்.

— மெஷின் எந்தப் பக்கம் நிக்கும்?

— ...இடது பக்கம்.

— காதுக்கு அடைப்பான் குடுத்திருப்பாங்களே?

— குடுத்தாங்க. போட்டா வேர்த்துக் கொட்டும். சட்டைப் பையிலயே கிடக்கும்.

— ஃபோன எப்பவும் வலது காதுலதான் வைப்பாருங்க. ஏதோ பழக்கம்னு நினைச்சுட்டேன்.

— பாருங்கம்மா, இன்னிக்கு நான் உங்களுக்கு ஸ்பீக்கர் விக்கறதா இல்ல. காது டாக்டரப் பாத்துட்டு வாங்க. அப்பவும் ஜோடி தேவைப்படாது, நல்லதா ஒண்ணே ஒண்ணு போதும். உக்காருங்க, தண்ணி கொண்டு வரேன்.

— என்னடி அப்படிப் பாக்குற? காதுதானே, உயிரா போச்சு?

— கார்ல நான் எந்தப் பக்கம் உக்காருவேன்?

— எனக்கு இடது பக்கம். வேற எங்க உக்காருவ?

— ரெண்டு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சப்ப, ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்துக்கிட்டிருந்தோம். பாலம் ஏறுறப்ப உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?

— இல்லையே. கண்ணாடியெல்லாம் இறக்கி விட்டிருந்துச்சு, பக்கத்துல ஒரே லாரிச் சத்தம். என்ன கேட்ட?

— நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. முன்னாடி போனவனுக்கு ஹார்ன் அடிச்சீங்க. அதுதான் பதில்னு எடுத்துக்கிட்டேன்.

— என்ன கேட்டன்னு சொல்லு முதல்ல.

— அம்மாவ நம்மளோடயே வச்சுக்கலாமான்னு கேட்டேங்க.

— ...உங்கம்மாவுக்கு உன் தம்பி வீடுதான் இஷ்டம்னு நீதானே சொன்ன?

— வேற என்ன சொல்லுவேன்? புருஷன் வாயே தொறக்கலன்னு ஊரெல்லாம் சொல்லவா? தம்பி வீடு மூணாவது மாடி. ரெண்டு வருஷமா அவங்க படி இறங்கல. ஒவ்வொரு தடவ பாத்துட்டு வர்றப்பவும் உங்க மேல எனக்கு... விடுங்க. அதுக்கப்புறம் உங்ககிட்ட நான் எதுவுமே கேட்டதில்ல. கவனிச்சீங்களா?

— பேச்சு குறைஞ்சு போச்சுன்னு தெரியும். வயசாகுதுல்லன்னு நினைச்சுக்கிட்டேன்.

— இந்தாங்க சார், தண்ணி. என்னம்மா, ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க?

— ஒரு நிமிஷம் அண்ணே. இந்தா, நீ எந்திரி. சுத்தி இந்தப் பக்கம் வா. ம், வலது பக்கம்தான். அன்னிக்குக் கேட்டத இப்ப கேளு.