பாட்டுப் பலகை

— பலகை எங்க, மேடம்?

— உள்ள வாங்கக்கா. செருப்போடவே வாங்க, இந்த ரூம் இன்னும் தொடைக்கல. அந்த அட்டைப்பெட்டியத் தள்ளிட்டு உட்காருங்க.

— உட்கார வரல. சர்ச்சுல பீடத்துக்கு வலது பக்கம் சுவத்துல ஆணி மட்டும் நிக்குது. பாட்டுப் பலகையக் காணோம்.

— இன்னைக்குத்தான் மேடம் ஆனேனா? பதினோரு வருஷமா நர்ஸம்மான்னு கூப்பிட்ட வாய்.

— அது எங்க சர்ச்சுக்குள்ள ஊசி போட்ட நர்ஸம்மா. இது கவர்மெண்ட் கட்டின புது ஆஸ்பத்திரி. மார்பிள் தரை. இங்க மேடம்தான்.

— டைல்ஸுக்கா, மார்பிள் இல்ல. வழுக்கும், பாத்து.

— இருபத்திரண்டு பெஞ்சும் வியாழக்கிழமை உங்க வேன்ல போச்சு. கூரை விழுந்தா ஒடைஞ்சிடும், பத்திரமா வைக்கறோம்னாங்க. சரின்னு விட்டேன். இன்னைக்குக் காலைல பாத்தா பலகையும் இல்ல. அடுத்தது என்ன, சிலுவையா?

— நீங்க உள்ள போனீங்களா? யாரும் நுழையக்கூடாதுன்னு கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்கே.

— என் சர்ச்சைப் பெருக்க எனக்கு நோட்டீஸா?

— கூரை தலைல விழும்கா.

— விழட்டும். என் தலை, என் கூரை.

— மூச்ச இழுத்து விடுங்க. இன்னொரு தடவ. பிரஷர் மாத்திரை போட்டீங்களா?

— பேச்ச மாத்தாதீங்க.

— போட்டீங்களா இல்லையா?

— போட்டேன். பலகை?

— பத்திரமா இருக்கு. கூடத்துல இப்பத்தான் தரை கழுவினாங்க. காயட்டும், காட்டறேன்.

— அப்ப இங்கதான் இருக்கு. திருடினத ஒத்துக்கறீங்க.

— கவர்மெண்ட் பாஷைல அதுக்கு இடமாற்றம்னு பேரு.

— எனக்குச் சிரிப்பு வரல. அது டோக்கன் போர்டு இல்ல. எங்க மாமனார் தன் கையால இழைச்ச பலகை. ஞாயித்துக்கிழமை என்ன பாட்டுன்னு நம்பர் மாட்டறதுக்கு. உங்களுக்கு டோக்கன் போர்டு வர ஆறு மாசம் ஆகும்னு சொன்னீங்க. பாவமேன்னு, மத்த நாள்ல உங்க நம்பர மாட்டிக்கோங்கன்னு விட்டேன். அந்த ஆறு மாசம் இன்னும் முடியல.

— அதால ஒரு கல்யாணமே கெடப் பாத்துச்சு.

— அதக் கிளறாதீங்க.

— சனிக்கிழமை கடைசி டோக்கன் இருநூத்திப் பதிமூணு. எடுக்க நானும் மறந்தேன், நீங்களும் மறந்தீங்க. மறுநாள் பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து நிக்கறாங்க. ஆர்மோனியக்காரர் பலகையப் பாக்கறாரு, வாசிக்கறாரு.

— எங்க பாட்டுப் புஸ்தகத்துல அது சாவுக்குப் பாடற அடக்கப் பாட்டு.

— ரெண்டு சரணம் பாடிட்டுத்தான் நிறுத்தினாங்க.

— மூணு. எவ்வளவு கைய ஆட்டினேன், ஒருத்தரும் நிறுத்தல. பலகைல இருந்தா பாடியே தீருவாங்க எங்க சபைல. பொண்ணோட அப்பா இன்னைக்கும் என்னப் பாத்தா எதிர்ப்பக்கம் போயிடறாரு.

— அந்தப் பொண்ணுக்கு இப்ப மூணு பிள்ளைங்க. மூணுக்கும் நான்தான் ஊசி போட்டேன். ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டு வந்தா, அதே கூடம், அதே பெஞ்சு, மறுபடியும் ஊசின்னு நெனச்சு மூணும் கத்தின கத்துல பாஸ்டர் ஐயா சொன்ன ஜெபம் யார் காதுலயும் விழல.

— ஐயா மட்டும் என்னவாம்? ஒரு நாள் ஆசீர்வாதம் சொல்லி முடிச்சிட்டு, அடுத்தவங்க வாங்கன்னாரு.

— நான் ஊசி போட்டுட்டு ஆமென் சொன்னேனே. அதுவும் சுகாதாரத் துறை இயக்குநர் சோதனைக்கு வந்து பக்கத்துல நிக்கறப்ப.

— அவரு தடுப்பூசிப் பெட்டியத் தொறந்து பாத்தாரே, அது?

— மருந்துக்கு நடுவுல உங்க திராட்சை ரசம். இது எந்த நோய்க்குன்னு கேட்டாரு. எனக்கு வேர்த்து ஊத்துது. நீங்க பின்னாடி நின்னுக்கிட்டு, அது ஞாயித்துக்கிழமை மருந்துன்னீங்க.

— பொய்யா சொன்னேன்? சரி, அதுக்கப்புறம் கேட்டாரே, இது யாரோட எடம்னு.

— ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எங்களோடதுன்னோம்.

— என்னப் பாத்தாரு, உங்களப் பாத்தாரு, ஒண்ணும் புரியாம ஏதோ எழுதிட்டுப் போனாரு. அன்னைக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? வீட்டுக்காரர்கிட்ட மூணு தடவ சொன்னேன். நாலாவது தடவ அவரு எழுந்து போயிட்டாரு.

— எனக்கும்தான்கா.

— அந்த எங்களோடதுல இருந்துதான் இப்ப நீங்க பிரிஞ்சு வந்துட்டீங்க. போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லணும். சர்ச்சுக் கதவுல நோட்டீஸ் ஒட்டின அந்த கவர்மெண்ட் இன்ஜினியர் எப்படி வந்தாரு? இத்தனை வருஷம் எட்டிக்கூடப் பாக்காதவரு, நேரா ஏணிய வச்சு கூரைல அந்த விரிசல் மேலயே போய்க் கைய வைக்கறாரு. யார் சொன்னா?

— நான்தான் எழுதிப் போட்டேன்.

— நீங்களா.

— நான்தான்.

— வேற யாராவதா இருக்கும்னு நெனச்சேன். வழியெல்லாம் அப்படித்தான் வேண்டிக்கிட்டே வந்தேன்.

— அக்கா, போன மாசம் ஒரு செவ்வாக்கிழமை. எடை பாக்கற தட்டுல இருந்து குழந்தையத் தூக்கி அம்மா கையில குடுக்கறேன். திரும்பறதுக்குள்ள கூரைல இருந்து செங்கல் அளவு காரை பேந்து தட்டுல வந்து விழுது. தட்டு நெளிஞ்சு போச்சு. மிச்சம் இருந்த பிள்ளைங்களத் திருப்பி அனுப்பிட்டேன்.

— எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? பெருக்கி அள்ளிக் கொட்டியிருப்பீங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ விழுந்தத அப்படித்தானே செஞ்சீங்க? பின்பக்கம் குவிச்சு, சாக்கப் போட்டு மூடி வச்சிருந்தத நான் பாத்தேன்.

— பாத்தீங்களா?

— பாத்தேன்.

— மூடினேன். வெளில தெரிஞ்சா நீங்க பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. நீங்க போயிட்டா வாரத்துல ஆறு நாள் அந்தக் கதவு பூட்டிக் கெடக்கும். அத என்னால பாக்க முடியாது. ஒரு குழந்தை தலைல விழுமேன்னு யோசிக்கல. இல்ல, யோசிச்சேன். யோசிச்சிட்டுத்தான் மூடினேன். போதுமா?

— நீங்க கெட்ட எண்ணத்துல செய்யலன்னு தெரியும்கா.

— உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு பெட்டியோட வந்து எங்க படில உட்கார்ந்திருந்தீங்க. காசநோய்க்காரங்க வந்து இருமுவாங்கன்னு ஆஸ்பத்திரி வைக்க ஒருத்தரும் உங்களுக்கு வீடு வாடகைக்குக் குடுக்கல. பாஸ்டர் ஐயாவக்கூடக் கேக்காம கதவத் தொறந்தவ நான்.

— ஐயா திட்டலையா?

— தொறந்துட்டியா, சரி, பீடத்துக்கு முன்னாடி ஒரு திரை போட்டுடுன்னாரு. அவ்வளவுதான். அன்னைல இருந்து சனிக்கிழமை சாயங்காலம் பெஞ்சையெல்லாம் பீடத்தப் பாத்துத் திருப்பறது, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க மேசையப் பாத்துத் திருப்பறது. முட்டி தேஞ்சது ஜெபம் பண்ணி இல்ல, பெஞ்சத் தள்ளி.

— ஆராதனை முடிஞ்சதும் ஐயா வாசிப்பாரே, எந்தத் தெருவுல எத்தனை பிள்ளைங்களுக்கு இன்னும் ஊசி போடலன்னு.

— வாசிச்சு முடிக்கறதுக்குள்ள எங்க பொம்பளைங்க செருப்ப மாட்டியிருப்பாங்க. எந்த வீட்டுலயும் நீங்க என்ன சாமின்னு கேட்டதில்ல. பிள்ளை எங்கன்னுதான் கேட்டோம். சர்ச் படியே மிதிக்க மாட்டேன்னவங்க எல்லாம் பிள்ளையத் தூக்கிட்டு வந்து முதல் பெஞ்சுல உட்கார்ந்தாங்க.

— மூணு நாள் கரண்ட் போனப்ப தடுப்பூசி கெடாம இருக்க உங்க பாட்டுக் குழு முறை போட்டு ஐஸ் சுமந்தாங்க. ஒரு புட்டி வீணாகல. இந்தப் பதினோரு வருஷத்துல நம்ம பக்கத்துல ஒரு குழந்தையக்கூட நாம தட்டம்மைக்குக் குடுக்கல. சுத்தி இருக்கற எந்த ஆஸ்பத்திரியும் அப்படி நெஞ்ச நிமித்திச் சொல்ல முடியாது. ஆனா ரிப்போர்ட்ல என் பேரு வருது, உங்க பேரு வரல. அது எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருக்கு.

— பேரு யாருக்கு வேணும்? நாளைக்கு நாங்க எங்க நின்னு பாடறதுன்னு சொல்லுங்க. கூரைய சரிபண்ண ஒரு வருஷம் ஆகுமாம். அதுவரைக்கும் டவுன் சர்ச்சுக்குப் போங்கன்னு நாளைக்கு வாசல்ல நின்னு அறிவிக்கப் போறதா ஐயா நேத்து சொல்லிட்டாரு. முப்பத்தெட்டு குடும்பம். பஸ் ஏற முடிஞ்சவங்க போவாங்க. முடியாதவங்க வீட்டுலயே இருந்துடுவாங்க. ஒரு வருஷம் கழிச்சு கூப்பிட்டா எத்தனை பேர் திரும்பி வருவாங்க? கலைஞ்ச சபை கலைஞ்சதுதான், நான் பாத்திருக்கேன்.

— அதான் பலகையத் தேடி வந்தீங்களா?

— குடுங்க, வீட்டுல மாட்டி வச்சுக்கறேன். சாவிய ஐயாகிட்ட ஒப்படைச்சிடறேன். ஊரே என்ன சாவிக்காரின்னுதான் கூப்பிடுது. இனிமே என்னன்னு கூப்பிடுமோ.

— சாவிய யார்கிட்டயும் குடுக்காதீங்க. அந்த வளையத்துல எடம் இருக்கா?

— எதுக்கு?

— இதையும் கோத்துக்கோங்க.

— என்ன சாவி இது? புதுசா இருக்கு.

— கூடத்துச் சாவி. தரை காஞ்சிருக்கும். திறங்க. இடது பக்கம் திருப்பணும்.

— இருங்க. இது எங்க பெஞ்சு.

— இருபத்திரண்டும் இருக்கு. எண்ணிக்கோங்க.

— எல்லாம் அந்தப் பக்கச் சுவத்தப் பாத்து நிக்குது. உங்க மேசை இந்தப் பக்கம்ல இருக்கு? யாரோ மாத்திப் போட்டிருக்காங்க நர்ஸம்மா. உங்க ஆளுங்க உங்களுக்கு முதுகக் காட்டிட்டு உட்காரணும்.

— மாத்திப் போடல. நானும் வேன் டிரைவரும்தான் திருப்பினோம். இடுப்பு போச்சு. இத எப்படிக்கா வாரத்துக்கு ரெண்டு தடவ செஞ்சீங்க?

— இன்னைக்கு என்ன கிழமை?

— சனிக்கிழமை. சாயங்காலம்.

— பலகை. கவர்மெண்ட் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கீங்க.

— இயக்குநர் கையெழுத்து இன்னைக்கு மத்தியானம்தான் வந்துச்சு. முன்னாடியே சொல்லி, கிடைக்காமப் போனா உங்க முகத்த எப்படிப் பாக்கறது? அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். உங்க கூரை சரியாகற வரைக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இந்தக் கூடம் சபைக்கு. ஐயாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். நாளைக்கு டவுன் சர்ச் அறிவிப்பு வேண்டாம்னுட்டாரு. நிபந்தனை ஒண்ணுதான், திங்கக்கிழமை எட்டு மணிக்குள்ள பெஞ்செல்லாம் என் பக்கம் திரும்பணும்.

— ஆறு மணிக்கே திரும்பியிருக்கும்.

— பலகைல நம்பர் மட்டும் போடல. அது உங்க வேலை. எது வேணாலும் போடுங்க, இருநூத்திப் பதிமூணு மட்டும் வேண்டாம்.

— கவர்மெண்ட் எப்படி ஒத்துக்கிச்சு? ஆயிரம் கேள்வி கேப்பாங்களே.

— கேட்டாங்க. ஃபார்ம்ல இடம் யாருடையதுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அன்னைக்கு வந்தாரே, அதே இயக்குநர்தான். நான் எழுதினதப் படிச்சிட்டுச் சிரிச்சாரு, ஒரு எழுத்தையும் அடிச்சுத் திருத்தாம கையெழுத்துப் போட்டாரு.

— என்னன்னு எழுதினீங்க, தங்கச்சி?

— எங்களோடதுன்னு. கீழ உங்க பேரு முதல்ல, என் பேரு ரெண்டாவது.