சுவரில் இல்லாத சட்டைத் துண்டு

இவனுக்குச் சுடத் தெரியாது. சுட்டபிறகு வாயை மூடிக்கொண்டிருக்கவும் தெரியாது.

ஐலி இதைச் சொல்லவில்லை, நினைத்தாள். ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

நூலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் கரோலினின் சித்திதான் ஐலி. அவளுக்கு நடந்தது இது. அடுப்பில் இன்னொரு கட்டையைப் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

நவம்பர் பதினைந்து, 1994. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் மான் வேட்டை தொடங்கும் நாள். மாலை ஐந்தே கால். மரம் வெட்டுகிறவர்கள் போட்டுவிட்டுப் போன பாதை... இரண்டு சக்கரத் தடம், நடுவே காய்ந்த புல். அங்கிருந்து வேட்டைக் குடிலுக்கு ஒரு மைல். இடையில் ஒரு வீடு கிடையாது. பாதையின் ஒரு பக்கம் சீடர் என்கிற ஊசியிலை மரங்கள் அடர்ந்த சதுப்பு நிலம்.

ஐலி வண்டியின் எஞ்சினை ஓடவிட்டபடி பாதையில் காத்திருந்தாள். அந்தச் சதுப்பிலிருந்து ரஸ் வெளியே வந்தான். ஐலியின் கணவன் டுவேனின் அண்ணன். முழங்கை வரை ரத்தம். கோட்டுக்குள்ளே வெறும் பனியன்.

"எட்டு கொம்புக் கிளை, ஐலி! எட்டு! நானூறு அடி தள்ளி நின்னுச்சு. ஒரே குண்டு."

காலையில் ஒரு வெடி. மதியம் இரண்டு. சற்று முன் ஒன்று. ஐலி எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

"மான் எங்க?"

"ஓடைக்கு அந்தப் பக்கம். குடலை எடுத்துட்டேன். காலைல நாலு பேரா வந்து இழுத்துக்கலாம்."

"ராத்திரி கயோட்டிங்க விட்டு வைக்குமா?" கயோட்டி என்றால் அங்கே திரியும் சிறிய ஓநாய்.

"சட்டையைக் கழட்டி மேல போத்திட்டு வந்திருக்கேன். மனுஷ வேர்வை நாத்தம். ஒண்ணும் கிட்ட வராது."

"உன் சட்டைக்கு மனுஷங்களே கிட்ட வர மாட்டாங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "விளக்கு இருக்கு. ரெண்டு பேரும் இப்பவே போய் இழுத்துட்டு வரலாம். ஓடை பக்கத்துலதான்."

ரஸ் சதுப்பைத் திரும்பிப் பார்த்தான். "காலைல" என்றான்.

இருட்டியபின் அவன் அந்தச் சதுப்புக்குள் கால் வைக்க மாட்டான். குடிலில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஒன்பது வருடம் முன்பு, இதே நாள், இதே இடம். ரஸ் ஒரு மானை வயிற்றில் சுட்டுவிட்டான். அது அடிபட்டபடியே சதுப்புக்குள் ஓடிவிட்டது. ரஸ்ஸுக்குப் பசி. அடிபட்ட மிருகத்தை அப்படியே விடக்கூடாது என்று ஆர்வோ உள்ளே போனான். ஆர்வோ, ஐலியின் ஒரே தம்பி. ரஸ் வண்டியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் குடிலுக்கு வந்து, "ஆர்வோ தானா வந்துடுவான்" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டான்.

ஆர்வோ வரவில்லை. அன்று இரவு பனி கொட்டியது. மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்கள். விழுந்து கிடந்த இரண்டு சீடர் மரங்களுக்கு நடுவில் கால் சிக்கி முறிந்திருந்தது. பாதையிலிருந்து கால் மைல்கூட இல்லை. பக்கத்தில் மூன்று வெற்றுத் தோட்டாக்கள்.

அங்கே மூன்று வெடி, ஒரே இடைவெளியில், என்றால் ஆபத்தில் இருக்கிறேன், வா என்று அர்த்தம். குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கால் மைல் தூரத்தில் மூன்று வெடி. ரஸ் போலீசிடம் சொன்னது ஒரே வரி: "காத்து பலமா இருந்துச்சு, ஒண்ணும் கேக்கல."

அந்த ஒரு வரிக்காகத்தான் ஐலி வருடா வருடம் குடிலுக்கு வந்தாள். என்றாவது ஒருநாள் குடித்துவிட்டு உண்மையைச் சொல்வான் என்று. அவன் குடித்தான். சொன்னதெல்லாம் அவன் சுட்ட மான்களைப் பற்றி. அவன் சமைத்த பீன்ஸை அதே மேஜையில் உட்கார்ந்து தின்றுகொண்டு, அவனை வெறுக்கிற அளவுக்குத் தன்னையும் வெறுத்தாள்.

சரி... பாதைக்கு வருகிறேன்.

ரஸ் வண்டிக் கதவைத் திறந்தபோது ஆரம்பித்தது. முதலில் ஒன்று, மெல்லிய குரலில். பிறகு இன்னொன்று. பிறகு சதுப்பு முழுக்கக் குரைப்பும் ஊளையும் கீச்சுமாக... கயோட்டி இரண்டு இருந்தால் இருபது மாதிரி கேட்கும், ஐலிக்கு அது புதிதல்ல. மூக்கில் ரத்த வாடை, நனைந்த கம்பளி வாடை. கேட்டுக்கொண்டு நின்றாள்.

சட்டென்று நின்றுவிட்டது. எல்லாம் ஒரே நேரத்தில், கதவைச் சாத்தியது போல.

டப்.

...

டப்.

...

டப்.

சதுப்புக்குள்ளிருந்து. கால் மைல் இருக்கும்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"என்னது?"

"மூணு வெடி, ரஸ்."

"காத்து."

ஐலி அண்ணாந்து பார்த்தாள். ஒரு ஊசியிலைகூட அசையவில்லை. வண்டியின் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. "காத்தே இல்ல" என்றாள். "யாரோ மாட்டிக்கிட்டு இருக்காங்க. வா."

அவன் வரவில்லை. அவள் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சேறு பூட்ஸைப் பிடித்து இழுத்தது. "யாரு அங்க?" மூன்று முறை கூப்பிட்டாள். விளக்கைச் சுற்றி அடித்தாள்.

ஐந்து கயோட்டிகள். மரங்களுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஓடவில்லை, உறுமவில்லை. அவளுக்கு அதைவிட விசித்திரமாகப் பட்டது வேறு. அவ்வளவு வெளிச்சம் அடித்தும் ஒரு கண்கூட மின்னவில்லை. அவை அவளைப் பார்க்கவே இல்லை. அவளைத் தாண்டி, பாதையில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போது வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

போய்விட்டான். அவளை விட்டுவிட்டு.

ஆச்சரியமாக இல்லை. பயம்கூட இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது ஒரு விதமான அருவருப்பு, காலில் எதையோ மிதித்துவிட்டது போல. ஒரு மைல் நடந்தாள். விளக்கு வெளிச்சத்துக்குச் சற்று வெளியே, இரண்டு பக்கமும், சருகில் மெல்லிய கால்கள் கூடவே வந்தன. அவள் நின்றால் நின்றன. நடந்தால் நடந்தன. குடிலின் ஜன்னல் தெரிந்ததும் திரும்பிவிட்டன.

ரஸ் மேஜையில் இருந்தான். தட்டு பாதி காலி.

"வந்துட்டா பாரு! நான்தான் சொன்னேனே, தானா நடந்து வந்துடுவான்னு." வாயில் ரொட்டி. "கஸ் மாமா, இருபது கயோட்டி! சுத்தி வளைச்சிடுச்சு எங்களை."

"எங்களையா?" என்றாள் ஐலி.

கஸ் மாமா அந்தக் குடிலின் சொந்தக்காரர், எழுபது வயது. சுவரைக் காட்டினார். "இருபது கயோட்டி, எட்டு கிளை மான், ஒரே குண்டு. வெடி நாலு கேட்டுச்சேடா? கத்திரிக்கோலை எடுக்கட்டுமா?"

டுவேன் சிரித்தான். அந்தக் குடிலில் மானைக் குறி தவறவிட்டவனுக்கு ஒரு தண்டனை உண்டு. அவன் சட்டையின் பின்பக்கம் தொங்கும் துண்டை வெட்டி, பெயரும் தேதியும் அவன் சொன்ன சாக்கும் எழுதி, சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள். நாற்பது துண்டுகள் இருந்தன. டுவேன்: கண்ணில் கொசு. கஸ்: தும்மல். ஆர்வோ: மான் ரொம்ப அழகா இருந்துச்சு. எழுதுகிற வேலை அந்தக் காலத்தில் ஆர்வோவுக்குத்தான், இடக்கைக்காரன், எழுத்தெல்லாம் பின்னால் சாயும். இருபது வருடத்தில் ரஸ்ஸின் துண்டு மட்டும் அந்தச் சுவரில் ஏறியதில்லை. அவன் தவறவிட்டதே இல்லையாம்.

"சதுப்புல மூணு வெடி கேட்டுச்சு" என்றாள் ஐலி. "ஒரே இடைவெளியில."

சிரிப்பு நின்றது. கஸ் மாமா கரண்டியை வைத்தார்.

"விடு ஐலி" என்றான் டுவேன், தட்டைப் பார்த்தபடி. அவள் கணவன். அவனுக்கு எதையும் விட்டுவிடத் தெரியும்.

கஸ் மாமா மட்டும் எழுந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு பாதை வரை போய், வானத்தைப் பார்த்து மூன்று முறை சுட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு வந்தார். பதில் வரவில்லை. அவர் தோளில் பனி விழத் தொடங்கியிருந்தது.

விடியும்போது பனி நின்றிருந்தது. நான்கு பேரும் ஒரே வண்டியில் போனார்கள். குடில் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டது ஐலி. ஓடையைத் தாண்டினார்கள். ரஸ் கடைசியாக வந்தான்.

மான் அப்படியே கிடந்தது. ஒரு காதுகூடக் கடிபடவில்லை. பக்கத்தில் குவித்திருந்த குடல்கூட அப்படியே உறைந்திருந்தது. சுற்றிலும் வட்டமாகக் கயோட்டித் தடங்கள், பனி மிதிபட்டுக் களம் போல் இறுகியிருந்தது. மனிதத் தடம் ஒன்றுகூட இல்லை. மேலே சட்டை, பச்சையும் கறுப்புமான கட்டம். கஸ் மாமா அதைத் தூக்கினார்.

பின்பக்கத் துண்டு இல்லை.

அவர் ஓரத்தை விரலால் தடவினார். ஒரு நூல்கூடப் பிசிறவில்லை. "பல்லு இல்ல இது" என்றார். சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வெட்டு" என்றார்.

மானை இழுத்து வண்டியில் ஏற்றினார்கள். திரும்பும் வழியில் கஸ் மாமா இரண்டு முறை வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தார். ஒற்றைக் கயோட்டியின் தடம், குடிலை நோக்கி நேர்க்கோடாகப் போயிருந்தது.

"காலைல நாம வந்த டயர் தடத்து மேல நடந்திருக்கு" என்றார். "நாம போனதுக்கு அப்புறம்."

தடம் குடிலின் வாசற்படி வரை போயிருந்தது. கதவு சாத்தியபடி, தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. ஐலி படியின் இரண்டு பக்கமும் பார்த்தாள். திரும்பிப் போன தடம் இல்லை.

டுவேனும் கஸ் மாமாவும் மானைக் கட்டித் தொங்கவிட வெளியே நின்றார்கள். ரஸ் குளிருகிறது என்று உள்ளே போனான். ஐலி பின்னால் போனாள்.

அவன் சுவருக்கு முன்னால் நின்றிருந்தான்.

ஆர்வோவின் துண்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று. பச்சை, கறுப்புக் கட்டம். இன்னும் ஈரம், நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு மையில், பின்னால் சாய்ந்த எழுத்தில்...

ரஸ். நவம்பர் 15, 1985. காத்து பலமா இருந்துச்சு.

குடிலுக்குள் சீடர் வாடை அடித்தது. சதுப்புச் சேற்றின் வாடை.

ரஸ் கையைத் தூக்கினான், அதைப் பிய்த்தெறிய. பாதியில் கை நின்றுவிட்டது. அவனால் தொட முடியவில்லை.

"ஐலி." குரல் கீச்சென்று வந்தது. "நீதான் செஞ்சேன்னு சொல்லு."

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"விளையாட்டுக்குச் செஞ்சேன்னு சொல்லு. அவங்க உள்ள வந்துடுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க, எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிடுவாங்க."

"நான் உங்ககூடதான் வண்டியில இருந்தேன்."

"இருந்தா என்ன? சொல்லேன்! நீ சொன்னா... நானும் நம்பிப்பேன்." மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. "கேட்டுச்சு ஐலி. அன்னைக்கு மூணும் கேட்டுச்சு. குளிரா இருந்துச்சு. சாப்பாடு ஆறிடும்னு... யாராவது போவாங்கன்னு நெனச்சேன். தானா வந்துடுவான்னு நெனச்சேன்."

சாப்பாடு ஆறிவிடும் என்று.

ஒன்பது வருடம் காத்திருந்தது இதற்கா? இதைக் கேட்டவுடன் தான் கத்துவாள், அழுவாள், துப்பாக்கியைக்கூட எடுப்பாள் என்றுதான் ஐலி நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வெறுக்கிற அளவுக்குக்கூட இவனிடம் எதுவும் இல்லையே என்று மட்டும் தோன்றியது.

வெளியே படியில் பூட்ஸைத் தட்டும் சத்தம். கஸ் மாமாவின் இருமல்.

"ஐலி, ப்ளீஸ். ஒரே ஒரு வார்த்தை."

அவள் காபிக் கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள். நான்கு குவளைகள் எடுத்து வைத்தாள். பிறகு போய், அவர்கள் உள்ளே வருவதற்குக் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"நான் வெட்டல, ரஸ்" என்றாள்.