உத்தரம், அவசரம்

எனக்குச் சர்க்கரை போடாத சாயா போதும், மேடம். வியாதி ஒன்றும் இல்லை. வராமல் இருக்கட்டும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறவன் நான்.

பெயர் சங்கர்ராம். மட்டாஞ்சேரியில் எங்கள் எம்.பி.யின் அலுவலகத்தில் பதினொரு வருடமாகக் கேள்வி எழுதுகிறேன். நாடாளுமன்றத்தில் அவர் கர்ஜிப்பதெல்லாம் நான் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதியது. சரியாகச் சொன்னால், அவர் கர்ஜித்ததே இல்லை. என் கேள்வி ஒன்றுகூட சபையில் வாய்விட்டுக் கேட்கப்பட்டதில்லை. எல்லாவற்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று தாளில் பதில் வரும். என் மனைவி ஸ்வர்ணலதா அதையே எனக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டாள்.

இந்த முறை, சபையில் வாய்விட்டுக் கேட்கும் கேள்விகளுக்கான குலுக்கலில் என் கேள்வி விழுந்தது. கிட்டங்கிப் பாதுகாப்பு மசோதா இரண்டு வருடமாகக் கிடப்பில் கிடக்கிறது. முதலாளி சம்மதிக்காமல் ஆய்வாளர் கிட்டங்கிக்குள் நுழைய முடியாது. அந்த அதிகாரத்தை எப்போது தருவீர்கள் என்பது பிரிவு (அ). அதிகாரம் இல்லாததால் உயிர்ச்சேதம் ஏற்பட்டுள்ளதா என்பது பிரிவு (ஆ). அனுப்பிய அன்று (ஆ)வுக்கு விடை 'இல்லை'. அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

அப்போதுதான் அங்கம்மாள் வந்தாள். தேனிக்காரி. பஜார் ரோட்டில் ஒரு கிட்டங்கியில் சுக்கு தரம் பிரிக்கிற எட்டுப் பெண்களில் ஒருத்தி. கையில் தமிழில் எழுதிய ஒரு சீட்டு: 'பஜார் ரோடு கிட்டங்கி. உத்தரம். அவசரம்.'

"தலைக்கு மேல உத்தரம் வெடிச்சு நிக்குது சார். மாடியில இன்னும் மூட்டை ஏத்துறாங்க. இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன் போடுங்க. நாங்க சொன்னா வேலையை விட்டு நிறுத்திருவாங்க."

"பார்லிமென்ட்லயே கேள்வி போட்டாச்சும்மா. பயப்படாம வேலைக்குப் போங்கோ."

"கேள்வி கேட்டா உத்தரம் நிக்குமா சார்?"

நல்ல கேள்வி. என்னுடையதைவிடச் சுருக்கமானது. சீட்டை ஃபைலில் வைத்துக்கொண்டேன். அவள் மற்ற ஏழு பேரிடமும் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

ஆய்வாளர் சுதீர் எங்கள் தெருக்காரர். மரியாதைக்குரிய மனிதர், அதுதான் சிக்கல். அவர் நேரில் போய் நின்றால் எந்த முதலாளியும் கதவைத் திறந்துவிடுவார். திறந்துவிட்டால் புது அதிகாரம் எதற்கு என்று கேட்டுவிட்டு அமைச்சர் உட்கார்ந்துவிடுவார். மறுநாள் சாயாக்கடையில் சுதீர், "எந்தா ஸ்வாமி, விசேஷம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பழம்பொரி அன்று நன்றாக இருந்தது.

ஒன்பதாம் நாள் உத்தரம் விழுந்தது. அங்கம்மாளையும் சேர்த்து நான்கு பேர்.

அடுத்த வாரம் சபையில் அமைச்சர் எழுந்து, (ஆ)வுக்கு 'ஆம், நால்வர்' என்றார். எம்.பி. நிஜமாகவே கர்ஜித்தார். டிவியில் பார்த்தபோது என் கண் நிறைந்துவிட்டது. அங்கம்மாளை நினைத்து என்று ஸ்வர்ணலதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மசோதா என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். பரிசீலனையில் உள்ளது.

பிறகு விபத்தை விசாரிக்க வந்த நீங்கள் என் ஃபைலிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தீர்கள். நான் பள்ளியில் மலையாளம் படித்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்றேன். மலையாளத்தில் உத்தரம் என்றால் பதில், அவசரம் என்றால் வாய்ப்பு. ஏதோ வேலைவாய்ப்புக்குப் பதில் கேட்டு எழுதியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன் என்றேன். நீங்களும் மலையாளி, தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. இவ்வளவு சுமாரான பொய்யை யாரும் நம்பக்கூடாது.

எங்கள் வீட்டில் தமிழ்தான், மேடம். 'அவசரப்படாதீங்கோ, காபி சுடும்' என்று ஸ்வர்ணலதா தினமும் சொல்கிறாள். சீட்டைப் பார்த்ததுமே தமிழில் படித்துவிட்டேன்: உத்தரம் விழப்போகிறது, அவசரம். அங்கம்மாள் படியிறங்கிப் போன பிறகு மலையாளத்தில் இன்னொரு முறை படித்தேன். (ஆ)வுக்கு உத்தரம் கிடைக்கப்போகிறது, நல்ல அவசரம்.

இரண்டு முறையும் சரியாகத்தான் படித்தேன்.